பெருங்காய டப்பாவில் ஏறிய வோல்டேஜ்

கண்ணுகளா, கராஜ் மேல்தட்டில் நாலு ஸ்க்ரூ போட்டு மூடிய ஒரு பெருங்காய டப்பா இருக்கிறதே, அதற்குள் என்ன என்று போன வாரம் கேட்டீர்கள். ஒன்றுமில்லை என்றேன். அது பொய். அதனால் உள்ளதை எழுதிவைக்கிறேன். உங்களுக்குத் தமிழ் கேட்டால் புரியும், வாசிக்கத்தான் வராது. அம்மாவை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சில இடங்களில் அவள் சிரிப்பாள், ஓரிடத்தில் சிரிக்கமாட்டாள்.

டப்பாவுக்குள் இருப்பது நான் என் கையால் செய்த வேப், அதாவது சிகரெட்டுக்குப் பதில் பேட்டரியில் ஆவி இழுக்கிற சாமான். நல்ல பழக்கம் என்று சொல்லவில்லை, அதனால்தான் பிறகு ஸ்க்ரூ போட்டு மூடினேன். நீங்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நான் பல வருஷம் சிகரெட் குடித்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா உங்கள் இருவரையும் சோபாவில் உட்காரவைத்து, என் கைகளை எடுத்து உங்கள் தலைகளில் வைத்தாள். இனி சிகரெட்டைத் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். சின்னவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"அப்பா, இஃப் யூ ஸ்மோக், வாட் ஹாப்பன்ஸ் டு மை ஹெட்?"

"அத அப்பாகிட்டயே கேளு" என்றாள் அம்மா.

பெரியவள் தன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாம் நாளே கை தானாகச் சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்தது. சத்தியத்தில் சிகரெட்தான் வந்தது, வேப் வரவில்லை என்று எனக்கு நானே வக்கீலானேன். கடையில் வாங்கினால் அது புகைப்பழக்கம். நானே செய்தால் அது புராஜெக்ட். அம்மா பொறியியல் படித்தவள், நாம் அமெரிக்கா வந்ததே அவள் விசாவில்தான். நான் பத்தாவதுக்குப் பிறகு ஐ.டி.ஐ. படித்தவன். ஆனால் மில்பிடாஸ் கம்பெனியில் தினமும் சர்க்யூட் போர்டு ரிப்பேர் செய்கிறவனுக்கு இது என்ன பெரிய வேலை? ஒரு பேட்டரி, திரவத்தில் ஊறிய பஞ்சைச் சூடாக்கி ஆவியாக்க ஒரு கம்பிச்சுருள், நடுவில் ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர். பேட்டரி நிறைந்திருந்தாலும் வற்றியிருந்தாலும் சுருளுக்கு ஒரே அளவு வோல்டேஜ் கொடுப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. மூன்றரை வோல்ட்டில் வைத்தேன். எல்லாவற்றையும் காலியான பெருங்காய டப்பாவுக்குள் அடக்கினேன். அதை மூன்று முறை கழுவியும் முதல் இழுப்பில் ரசம் வாசம் வந்தது. பரவாயில்லை, பழகிக்கொண்டேன்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. ஸ்பானர், சால்டரிங் அயர்ன், மீட்டர் எல்லாம் கராஜ் மேஜையில் தாம்பாளத்தில் இருந்தன. அன்றைக்கு எதையும் தொடக் கூடாது. மறுநாள் சாயங்காலம்தான் டப்பாவை எடுத்து, மூடியை அமுக்கி, இழுத்தேன்.

நாலு இழுப்பு சரியாக வந்தது. ஐந்தாவதில் தீய்ந்த பஞ்சின் நாற்றம். திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்றரை. மூடி இழுத்தால் மறுபடி நாலாவதோ ஐந்தாவதோ தீய்கிறது. உடனே திறந்து பார்த்தபோது வோல்டேஜ் நாலைத் தாண்டி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல இறங்கி மூன்றரைக்கு வந்தது. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரி.

கம்பெனியில் ஈரோட்டுக்கார எஞ்சினியர் ஒருவர் உண்டு. அவரிடம் கேட்டேன்.

"வோல்டேஜ் ஏறுதுன்னா ரெகுலேட்டர் போயிருச்சுங்கண்ணா. மாத்திப் போடுங்க."

மாற்றினேன். தீய்ந்தது. இன்னொன்று மாற்றினேன். அதுவும் தீய்ந்தது.

"ரெண்டு மாத்திட்டேன் தம்பி."

"அப்ப இதுக்குப் பேசாம ரெண்டு ஊதுபத்திய வாயில வெச்சுக்கலாமுங்களே. வாசமாவும் இருக்கும்."

அவருக்கு விளையாட்டு. எனக்கு நாலு நாளாகப் புகை இல்லை. ஐந்தாம் நாள் வேலை முடிந்து வரும்போது கார் தானாகவே பெட்ரோல் போடுகிற கேஸ் ஸ்டேஷனில் நின்றது. அங்கிருந்த கடையில் ஒரு பாக்கெட் சிகரெட் கேட்டேன். தொட மாட்டேன் என்றுதானே சத்தியம்? அதனால் பையில் போட்டுத் தரச் சொல்லி, பையின் காதை இரண்டு விரலால் பிடித்து, காரின் பின்சீட்டில் வைத்தேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். (இங்கே அம்மா வாசிப்பதை நிறுத்துவாள். பொறுங்கள், தொடர்வாள்.)

வீட்டுக்கு வந்தால், சின்னவன் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"பிளேகிரவுண்ட் மங்கி பார்ஸ்ல இருந்து ஃபெல் பண்ணிட்டேன்."

"எப்போ?"

"ஸ்கூல் முடிஞ்சு. லைக், ஃபோர் தேர்ட்டி?"

நான் கேஸ் ஸ்டேஷனில் நின்ற நேரம். தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில், ஐஸ் கட்டியோடு எதிரில் உட்கார்ந்திருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் கராஜுக்கு ஓடினேன். இன்றைக்கு இதைச் சரிசெய்யாவிட்டால் நான் அந்தப் பையைப் பிரித்துவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது.

டப்பாவைத் திறந்து விளக்கை இழுத்துவைத்துப் பார்த்தேன். போர்டு சிவப்பு நிறம். அதன் மேல் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது சால்டர் செய்யும்போது வழிகிற ஃபிளக்ஸ். தினமும் பார்ப்பதுதானே என்று விட்டிருந்தேன். மூன்றாவது ரெகுலேட்டரைக் கழற்றப்போகும்போது அம்மா டீயோடு வந்தாள். டப்பாவை மறைக்க நேரமில்லை.

"கம்பெனி மெஷின்" என்றேன்.

"ஓஹோ. கம்பெனி மெஷின்ல நான் வெச்ச பொட்டு இன்னும் அழியல போல."

"என்ன பொட்டு?"

"சந்தனம் குங்குமம். பூஜை அன்னிக்கு. மூடி தெறந்துதான் கெடந்துச்சு. எல்லா சாமானுக்கும் ஒண்ணு வெச்சேன், இதுக்கு ரெண்டு."

"இதுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு?"

"ஏங்க, கராஜுக்குள்ள தெனமும் ரசம் வாசம் வந்தா எனக்குத் தெரியாதா? இதாவது ஒழுங்கா ஓடினா நீங்க கடைப் பக்கம் போகமாட்டீங்கன்னு கூட ஒண்ணு வெச்சேன்."

டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். ஃபிளக்ஸ் என்று நான் நினைத்தது சந்தனம். சிவப்புப் போர்டில் குங்குமம் எங்கே கண்ணுக்குத் தெரியப்போகிறது? வோல்டேஜ் எவ்வளவு என்று ரெகுலேட்டருக்குச் சொல்வது பக்கத்திலிருக்கும் இரண்டு குட்டி ரெசிஸ்டர்கள். அதில் ஒன்றின் மேல் சரியாக இரண்டாவது பொட்டு. குங்குமத்தில் சுண்ணாம்பு உண்டு, ஈரம் பட்டால் கரண்ட் கசியும். நாலு இழுப்பில் ஆவி ஏறி அது நனைந்தது, ரெகுலேட்டருக்குத் தப்பான கணக்கு போனது, வோல்டேஜ் ஏறியது. மூடியைத் திறந்ததும் காய்ந்தது, சரியானது. பாவம், ரெகுலேட்டர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் துடைத்தேன். முதல் பொட்டு ஓரத்தில் வெறும் பிளாஸ்டிக் மேல் இருந்தது, அதை விட்டுவிட்டேன். மூடி இழுத்தேன். ஐந்து, ஆறு, பத்து. ரசம் வாசம் மட்டும்தான் வந்தது. மீட்டரில் மூன்றரை அசையாமல் நின்றது.

உள்ளே நீங்கள் சாப்பிட உட்காரும் சத்தம் கேட்டது. நான் காரின் பின்கதவைத் திறந்து, இடுக்கியால் சிகரெட் பையின் காதைப் பிடித்துத் தூக்கி, கார் கழுவுகிற வாளித் தண்ணீரில் போட்டேன். அது மிதந்தது. பெரிய ஸ்பானர் ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்து, குமிழி நிற்கும்வரை அங்கேயே குந்தியிருந்தேன்.