சித்தப்பாவின் கிணறும் என் கடப்பாரையும்

என் சித்தப்பாவை நான் மன்னிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவரும் ஒவ்வொரு தடவையும் மன்னிக்கத்தான் சொன்னார். நான் மன்னிக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சிறுமலைச் சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பாகம் பிரித்தபோது மேல்பக்கம் அப்பாவுக்கு வந்தது. கிணறு இருந்த கீழ்ப்பக்கம் அவருடைய தம்பிக்குப் போனது. அப்பா மலைவாழை வைத்திருந்தார். முடிக்கொத்து நோய் விழுந்து, இலையெல்லாம் உச்சியில் குறுகிக் கொத்தாக நின்று, ஒரு தார்கூட வெட்டாமல் அத்தனை வாழையும் போயிற்று. அதோடு அப்பா காட்டுப்பக்கம் போவதையே விட்டுவிட்டார். சில வருடங்களில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

தொண்ணூறுகளில் நான் திண்டுக்கல்லில் டீச்சராகச் சேர்ந்தபோது அந்தக் காட்டில் ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி முள்ளும் புதருமாக மண்டிக் கிடந்தது. ஒருநாள் சித்தப்பா எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார்.

"சும்மா கெடக்குற காட்ட எனக்கு எழுதிக் குடுத்துரு ஆத்தா. பொம்பளப் புள்ள, அத வச்சு என்ன பண்ணப் போற?"

தர மாட்டோம் என்று அம்மா வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் கோபப்படவில்லை. காபியை நிதானமாகக் குடித்தார்.

"சரி, வெள்ளாமதான் வைக்கணும்னா கோடையில தீய வச்சு விடுங்க. ஒரே நாள்ல சுத்தமாயிரும். சாம்பலே உரம்."

நம்பினேன். எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி என்ன, படித்த முட்டாள்! சித்திரையில் தீ வைத்தோம். உண்ணி எரிந்து சாம்பலானது. அடுத்து அடித்த கோடைமழையில், பிடித்து வைக்க ஒரு புல்கூட இல்லாமல் மேல்மண் முழுவதும் செக்கச்செவேலென்று கரைந்து ஓடியது. மிஞ்சியது கல்தான். பதினைந்தே நாளில் ஒவ்வொரு உண்ணித்தூரிலிருந்தும் பத்துக் கிளை வெடித்துவிட்டது.

ஓடிய மண் எங்கே போனது? சித்தப்பாவின் வயலில்தான் போய்ப் படிந்தது. நான் போனபோது அதை மண்வெட்டியால் நிரவிக்கொண்டிருந்தார்.

"ஒங்க அப்பன் மண்ணு நல்ல மண்ணு ஆத்தா. இம்புட்டு வண்டல் சும்மா கெடைக்குமா?" என்று சிரித்தார். தெரிந்தேதான் தீ வைக்கச் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த வருடத்து மாதா கோவில் திருவிழாவில் அவர் அதோடும் நிற்கவில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் காட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். எங்களிடம் கடையில் வாங்கிய தேங்காய்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"என்ன மதினி, ஒங்க காட்டுல உண்ணிப்பூ அம்புட்டு வெளஞ்சு கெடக்கே. ஒரு கூடை கொண்டாந்திருக்கலாம்ல?"

ஊரே சிரித்தது. அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றுதான் சொன்னாள்: "அவன் கண்ணு முன்னால நம்ம காட்டு வாழத்தார எறக்கணும். இல்லைன்னா நீ எனக்கு மகளே இல்ல."

சனி, ஞாயிறு லீவு நாள் எல்லாம் காட்டுக்கே போனது. கூலிக்கு வந்தவள் என் வயதுக்காரி. முதல் நாளே என்னைக் கேலி செய்தாள். "தீ வச்சா உண்ணிக்குக் கொண்டாட்டம்ல டீச்சரு! வேரோட அறுத்து, தலகீழாக் கவுத்துப் போட்டாத்தான் சாகும்." அப்படியே செய்தோம். ஒவ்வொரு தூரையும் சித்தப்பாவின் குடுமி என்று நினைத்துக்கொண்டு பிடுங்கினேன். அவருக்குக் குடுமி கிடையாது, இருந்தாலும் அப்படி நினைத்தால் கை வலி தெரியவில்லை.

மண் போய் மிஞ்சிய கல்லையே எடுத்துச் சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கட்டு கட்டினோம். காய்ந்த உண்ணியைக் கட்டுக்குப் பின்னால் அடைத்தோம். இனி ஒரு பிடி மண் உனக்குக் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே கல் வைத்தேன். முதல் மழைக்கு ஒரு சாண் மண் தங்கியது. அதில் கொள்ளு விதைத்து, உரமாக மடக்கி உழுதோம். பிறகு எலுமிச்சை வைத்தோம். கடைசியாக, நோயில்லாத தோட்டத்தில் பார்த்து வாங்கிய வாழைக்கன்று. எல்லாம் சேர்ந்து எட்டு வருடம் ஆயிற்று.

எட்டாம் வருடத் திருவிழாவுக்கு முதல் தாரைச் சுமந்துகொண்டு போனோம். மூட்டுவலிக்கார அம்மா அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் நடந்தாள். சித்தப்பாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவர் எங்களுடையதைவிடப் பெரிய தாரோடு வந்து நின்றார்.

"மாதா கண்ணத் தொறந்துட்டா! வத்திக் கெடந்த கெணத்துல இப்பக் கோடையிலயும் தண்ணி நிக்குது!"

கூலிக்காரி என் காதோடு சொன்னாள். "எந்த மாதா? ஒங்க கல்லுக்கட்டுல நிக்கிற தண்ணிதான டீச்சரு கீழ எறங்குது?"

மண்ணைத் தடுக்கத் தெரிந்த எனக்குத் தண்ணீரைப் பற்றி நினைப்பே வரவில்லை. மனப்பாடம் எல்லாம் மறந்துபோனது.

"மாதா இல்ல சித்தப்பா, நான்! எங்காட்டுத் தண்ணி அது! தீ வைக்கச் சொல்லி எங்க மண்ணத் தின்னீங்க, இப்பத் தண்ணியவும் குடிக்கிறீங்க. நாளைக்கே கடப்பாரையோட போயி கட்ட ஒடைக்கிறேன், பாருங்க!"

யாரோ களுக்கென்று சிரிக்க, முற்றமே சிரித்தது. இந்த முறை துண்டால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டியவர் சித்தப்பாதான்.

மறுநாள் காலையில் சொன்னபடியே போனேன். கீழ்க்கட்டில் ஒரு கல்லுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். உள்ளே மண் கறுப்பாக, ஈரமாக, மண்புழுவோடு இருந்தது. கட்டை உடைத்தால் இந்த மண்ணும் அவர் வயலுக்குத்தான் போகும். நெம்பிய கை அப்படியே நின்றுவிட்டது.

அதற்குள் சித்தப்பா மூச்சிரைக்க மேலே ஏறி வந்துவிட்டார். "ஒடச்சிராத ஆத்தா. கெணறு போச்சுன்னா நான் செத்தேன். அன்னைக்கித் தீ வைக்கச் சொன்னது தப்புத்தான், தெரிஞ்சுதான் சொன்னேன்."

எட்டு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. "பாப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா இப்போது இல்லை. வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு மேலே போகிறேன். வேறு வழி இருந்தும் அவர் வாசல் வழியாகத்தான் போவேன். நாற்காலியிலிருந்து பதறி எழுந்திருப்பார்.

"எங்க ஆத்தா போற?"

"மேலதான் சித்தப்பா."

சரிந்த கல்லை நெம்பி மறுபடி ஒழுங்காக வைக்கத்தான் அந்தக் கடப்பாரை. அது அவருக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதும் இல்லை.