முணுமுணு திரைக்கு முன்னால் வந்த கதை

நாடகக் குழுவில் அவளுக்கு வைத்த பெயர் முணுமுணு. நடிகர்கள் வசனம் மறந்து திருதிருவென்று விழிக்கும்போது, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. பகலெல்லாம் சலவைக் கடையில் இஸ்திரி. மாலையானால் சைக்கிள் கடை மாடியில் ஒத்திகை.

குழுவை நடத்துபவர் ஒரு மருந்துக்கடைக்காரர். நாடகம் எழுதுவதும் இயக்குவதும் விளக்குப் போடுவதும் அவர்தான். எல்லா நாடகத்திலும் கதாநாயகன் முணுமுணுவின் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முதல் நாடகத்தில் ராஜா வேடம் கட்டினார். அதோடு சொந்தப் பெயர் போயே போய்விட்டது.

அந்த முதல் நாடகத்தை இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அரசவைக் காட்சியில் ராஜா விளக்கை மறைத்துக்கொண்டு நின்றார். "கொஞ்சம் தள்ளி நில்லு" என்று தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். அதுவும் வசனம்தான் என்று நினைத்த அண்ணன், "கொஞ்சம் தள்ளி நில்லும், மந்திரியாரே" என்று மந்திரியைப் பார்த்துக் கர்ஜித்தார். பாவம், மந்திரியும் தள்ளி நின்றார். கூட்டம் கைதட்டியது. அன்றிலிருந்து திரைக்குப் பின்னால் வசனத்தின் முதல் சொல்லைத் தவிர வேறெதுவும் முணுமுணுவின் வாயிலிருந்து வந்ததில்லை.

அடுத்து வந்தது நீதிமன்ற நாடகம். மழையில் கூரை ஒழுகியதால், பார்க்க வந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு மேடைக்கே ஏறிவிட்டார்கள். பிறகு மருந்துக்கடைக்காரருக்கு என்ன பித்துப் பிடித்ததோ, வசனமே இல்லாமல் ஒரு நாடகம் போட்டார். முணுமுணுவுக்கு லீவு என்றார்கள். அவளா கேட்பாள்? ஒருநாள் விடாமல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"பேசாம இருக்கணுங்கறதையே மறந்து தொலைப்பானுங்க" என்றாள்.

எல்லாவற்றிலும் பேர் வாங்கியது காவல்காரன் நாடகம். மேடையில் ஒரே ஆள். உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தங்கையோடு அவன் பேசிக்கொண்டே இருப்பான். அந்தத் தங்கை கடைசிவரை கண்ணில் படமாட்டாள். உள்ளறை என்பது ஒரு பச்சைத் திரை. அதற்குப் பின்னால் இருந்தது முணுமுணு.

அதை மறுபடி போடலாம் என்று முடிவான நேரம் பார்த்து ராஜாவுக்கு மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் தெருவை. வேன் ஓட்டுவதை நிறுத்தினார்கள். ஒத்திகையில் முணுமுணு எடுத்துக் கொடுத்தபோது, திரையைப் பார்த்து "யாரது?" என்று கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் அவளை மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டார்.

"அக்கா, வேற ஆளைப் போட்டுடலாம். அண்ணனுக்கு நல்லபடியா ஒரு பாராட்டு விழா வெச்சுடலாம்."

"பாராட்டெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்ப அவர் நடிக்கட்டும்."

"மேடையில நின்னு முழிச்சா நாலு பேர் சிரிப்பாங்க. அவருக்குத்தான் அவமானம்."

"வீட்டுல உக்காந்து சுவத்தையே பாத்துட்டு இருக்காரே, அது மட்டும் கௌரவமா? நடிக்கும்போதுதான் அவர் முகத்துல கொஞ்சம் களை வருது. அதையும் புடுங்கிட்டா என்ன மிச்சம்?" அவள் குரல் உயரவில்லை, உயர்த்திப் பழக்கமே இல்லை. "என் முகம் தெரியலன்னுதான் யாருன்னு கேக்கறார். அந்தத் திரைய எடுத்துட்டுக் கட்டிலைப் போடு. தங்கச்சியா நானே படுத்துக்கறேன்."

"தங்கச்சி கண்ணுக்குத் தெரியாததுதான்க்கா நாடகத்தோட அழகே."

"உன் அழகைத் தூக்கி உடைப்புல போடு."

மருந்துக்கடைக்காரர் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அவள் மசியவில்லை. கட்டில் வந்தது.

கடையிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போவாள். அவர் எதிரில் உட்கார்ந்து வசனத்தை ஊட்டுவாள். இன்றைக்கு வந்தது நாளைக்குப் போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். தனியாக இருக்கும்போது அழுதாள். ஆனால் ஒருநாளும் போகாமல் இருக்கவில்லை.

நாடகம் அரங்கேறியது. போர்வைக்குள் படுத்தபடி, உதடு அசையாமல் அவள் எடுத்துக் கொடுக்க, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து அண்ணன் பிடித்துக்கொண்டே போனார். கடைசிக் காட்சியில் புயல். யாரோ தகரத்தைத் தட்ட இடி இடித்தது. பயப்படாதே, நான் இங்கேதான் இருக்கிறேன், எங்கேயும் போகமாட்டேன் என்று காவல்காரன் தங்கையிடம் சொல்ல வேண்டும். அதோடு நாடகம் முடியும்.

"பயப்படாத" என்று எடுத்துக் கொடுத்தாள். அவர் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை கொடுத்தாள். ராஜா கட்டிலை விட்டு இரண்டடி பின்னால் போனார். அது நடிப்பு இல்லை. எங்கே நிற்கிறோம், எதிரில் இருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று தெரியாமல் மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். அரங்கில் யாரோ இருமினார்கள்.

முணுமுணு போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். கதையாவது ஒன்றாவது. படுத்த படுக்கையாய்க் கிடந்த தங்கை விறுவிறுவென்று நடந்துபோய் அண்ணன் கையைப் பிடித்தாள். கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"பயப்படாத. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகமாட்டேன்."

ராஜா அவளை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிடித்த கையைத் தானும் இறுக்கிக்கொண்டார்.

"தெரியும்" என்றார்.

அந்தச் சொல் நாடகத்தில் கிடையாது. மருந்துக்கடைக்காரர் விளக்கை அணைத்தார்.

கைதட்டல் ஓய்ந்த பிறகு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அக்கா, நாளைக்கும் இதே மாதிரி வெச்சுக்கலாம். ஆனா நாளைக்கு அவர் 'தெரியும்'னு சொல்லலன்னா?"

அண்ணனுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்த முணுமுணு நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்றவரைக்கும் விளக்கை அணைக்காத" என்றாள்.