அஞ்சலையம்மாவுக்கு வெந்நீர்

2008-ல் கடலூரில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு ஆலோசகராக வேலை பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நம்பிக்கையாக மட்டுமே பேச வேண்டும் என்று பயிற்சியில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

மாத்திரை வாங்க வரும் அஞ்சலையம்மாவும் சிதம்பரத்துத் தனம்மாவும் ஒன்றாகத்தான் உட்காருவார்கள். இருவருக்கும் அறுபது தாண்டியிருந்தது. நோய் விஷயம் இருவர் வீட்டிலும் தெரியாது.

ஒருநாள் அஞ்சலையம்மா சொன்னார்: "நான் முன்னாடி போனா நீதான்டி குளிப்பாட்டணும். மேலு பூரா தழும்பு. மத்தவளுவ பாத்தா மூஞ்சி சுளிப்பாளுவ."

"உன் வாய்க்குப் பயந்து எமனே வரமாட்டான்டி" என்று தனம்மா சிரித்தார்.

அஞ்சலையம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, என் மவன்கிட்ட இவள யாருன்னு சொல்லி வைக்கிறது?"

"சாவுப் பேச்சு எதுக்கும்மா? நூறு வருசம் இருப்பீங்க" என்று அடக்கிவிட்டேன்.

மூன்று மாதத்தில் அவர் இறந்துபோனார். தனம்மாவுடன் அவர் ஊரான குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். தனம்மா கையில், குளிப்பாட்ட வாங்கிய மஞ்சள்தூள் பொட்டலம் இருந்தது. வாசலில் மகன் கேட்டார்: "நீங்க யாரு? அம்மாவ எப்புடித் தெரியும்?"

உண்மையைச் சொன்னால் இறந்தவரின் ரகசியம் உடையும். பொய்யும் வாயில் வரவில்லை. "பழக்கம்" என்றேன்.

"சொந்தக்காரங்க குளிப்பாட்டிக்கிட்டு இருக்காங்க, உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். பொட்டலத்தைப் பிரிக்காமலே தனம்மா உட்கார்ந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் கேட்டார்: "சுடுதண்ணிதான் ஊத்துனாங்களா தம்பி? அவளுக்குப் பச்சத்தண்ணி ஆவாது."

தனம்மாவை யாரென்று மகனிடம் சொல்வது என்று அஞ்சலையம்மா அன்று கேட்டதற்குப் பதில் யோசிக்க எங்களுக்கு மூன்று மாதம் இருந்தது.