எதைக் கேட்டாலும் "ஆமா"

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, நான் சின்னமனூருக்கு வேலைக்குக் கிளம்பும்போது, என் மகள் கவிதாவுக்கு வலிப்பு வந்தது. வயது இருபத்திரண்டு, பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. மாத்திரையால் ஓராண்டாக வலிப்பே இல்லாமல் இருந்தாள்.

தெளிந்ததும், வழக்கமாக வீட்டுக்கு வந்து பார்க்கும் செவிலியருக்குப் போன் செய்தேன். மனமோ பக்கத்து வீட்டுச் செல்வியையே சுற்றியது. பகலில் கவிதாவைப் பார்த்துக்கொள்பவள் அவள். நாட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாமே என்று இரண்டு முறை சொன்னவள்.

"செல்வி அத்தை மருந்து குடுத்தாளா?"

"ஆமா" என்றாள் கவிதா.

தெருவில் நின்று செல்வியைக் கண்டபடி பேசிவிட்டேன். அவள் அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள்.

செவிலியர் வந்து எல்லாவற்றையும் கேட்டார். "கவிதா, யானை வந்து மருந்து குடுத்துச்சா?"

"ஆமா."

பிறகு மாத்திரை அட்டையை எண்ணினார். போட்டிருக்க வேண்டிய நான்கு வேளை மாத்திரை அப்படியே இருந்தது.

"தானா எடுத்துப் போடட்டும்னு விட்டுட்டு, போட்டியான்னு மட்டும் கேட்டீகளாக்கா? அதுக்கும் ஆமான்னுதான் சொல்லியிருப்பா."

இப்போது நான் கேட்பதில்லை. மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.

அன்று மாலை மன்னிப்புக் கேட்கப் போனேன். செல்வி கதவைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் அவளே வந்தாள்.

"ஒங்ககிட்டப் பேச வரலக்கா. புள்ள எப்படியிருக்கான்னு பாக்க வந்தேன்" என்று என்னைத் தாண்டி உள்ளே போனாள்.