சொல்லாமல் விட்ட இரண்டு

எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் முடியும்வரை வயிற்றில் பிள்ளை இருப்பதை வெளியே சொல்லமாட்டோம். கண்ணூறு பட்டுவிடுமாம். நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்று பீற்றிக்கொள்வேன். ஆனால் நானும் வாய் திறக்கவில்லை. முதல் இரண்டு கருவும் இரண்டாம் மாதத்திலேயே கலைந்தன. என் கணவருக்கு மட்டும்தான் தெரியும். வந்ததையே சொல்லாதபோது போனதை எப்படிச் சொல்வது?

மூன்றாவது பத்தாம் வாரத்தில் போனது. இரத்தம் நிற்காததால் அதை மறைக்க முடியவில்லை. கணவரின் அம்மாவான மாமிதான் விசுவமடுவிலிருந்து ஓட்டோ பிடித்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். “முந்தி ஏதும் கலைஞ்சிருக்கோ?” என்று டொக்டர் கேட்டபோது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இல்லை” என்றேன். ஒன்று கலைவது பலருக்கும் நடப்பதுதான், யோசிக்க வேண்டாம் என்று டொக்டர் அனுப்பிவிட்டார்.

அந்தப் பொய் என்னை அரித்தெடுத்தது. இனி ஒன்று தங்கி அதுவும் போனால், என் வாய்தானே காரணம்? அடுத்த கிளினிக்கில், மாமி பக்கத்தில் இருக்கும்போதே, கலைந்தது மூன்று என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

“இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி.”

இரத்தம் எடுத்தார்கள், மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். என் இரத்தம் தேவைக்கு மேல் உறைகிறதாம், அதனால் கருவுக்குப் போகவேண்டியது சரியாகப் போவதில்லையாம். தோட்டத்தில் வேலை செய்ததாலோ பாரம் தூக்கியதாலோ அல்ல என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். இனிக் கரு தங்கினால் உடனே வரவேண்டும், சின்ன அஸ்பிரின் குளிசையும் தினமும் ஓர் ஊசியும் என்றார்.

இப்போது ஒன்பதாம் வாரம். ஊசியை நானே வயிற்றில் போட்டுக்கொள்கிறேன். போட்ட இடமெல்லாம் கன்றிக் கிடக்கிறது. கழிவறைக்குப் போகும்போதெல்லாம் துணியில் இரத்தம் இல்லையென்று பார்த்த பிறகுதான் மூச்சு வருகிறது. ஒருநாள் குமட்டாவிட்டால் அதற்கும் பயம். ஸ்கானில் துடிப்பைக் காட்டினார்கள். வீடு வந்து சேருமுன்பே, இப்போதும் துடிக்கிறதா என்ற சந்தேகம் வந்துவிட்டது. ஊசி போதாதென்று வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைத்திருக்கிறேன், படித்த நான்.

இன்று காலை குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் ஊசி போட்டு முடித்தேன். மாமி கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். முதல் இரண்டைப் பற்றி இத்தனை மாதமும் ஒரு சொல் கேட்காதவர், தலை நிமிராமலே கேட்டார்:

“பிள்ளை, அந்த ரெண்டும் போகேக்க நீ ஆரோட அழுதனீ?”

“ஆரோடையும் அழேல்லை, மாமி.”

அவர் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மூன்றுக்கும் சேர்த்து அழுதேன். இப்படி அழுதால் உள்ளே இருப்பதற்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நடுவிலேயே பயம் பிடித்தது. வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதேன்.