எங்கள் ஊர் மலை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. தோசைக்கல் மாதிரித் தட்டை. இருபத்தாறு வருடம் அங்கே வாழ்ந்தவன் சொல்கிறேன். ஆனால் பிரெஞ்சு அரசாங்கத்தின் கோப்பில் எங்கள் ஊருக்கு ஒரு மலை இருக்கிறது. செங்குத்தாகக் கடலில் இறங்கும் கரடுமுரடான மலை!

அதைக் கொண்டுவந்து வைத்தவர், தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தொலைபேசிக் கடைக்கு மேலே அகதிக் கேஸ் எழுதிக்கொடுத்த ஒருவர்; எல்லோருக்கும் அவர் அண்ணை. 2010இல் நான் அவரிடம் போனபோது என் கேஸ் ஒருமுறை தள்ளுபடியாகியிருந்தது. சைக்கிளில் பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன என் அண்ணன் திரும்பி வரவில்லை. அதுதான் கேஸ். "எங்கையாவது ஒரு இடத்திலை கொண்ணன்ரை விசயம் எழுத்திலை கிடக்கட்டும்" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

"உது காணாது தம்பி. ஆர் நம்புவான்?" என்றார் கேஸ் எழுதுபவர். வேறு ஏதோ நாட்டுக்காரர் வென்ற கேசிலிருந்து ஒரு மலையை எடுத்து, நான் தப்பி வந்த வழியில் ஒட்டிவிட்டார். பிரெஞ்சு தெரியாத நான் கையெழுத்து வைத்தேன்.

மேன்முறையீட்டில் நீதிபதி கேட்ட முதல் கேள்வியே, "மலையின் எந்தப் பக்கம் உங்கள் வீடு?" மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. எந்த மலை, கடவுளே? மலையே இல்லை என்று சொன்னால் கேசே பொய்யாகிவிடும். "கடல் பக்கம்" என்றேன்.

அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. வழுக்கும் பாறை, கீழே அலை, பிடித்து ஏற முட்பற்றை, உச்சியில் பனிமூட்டம். தண்ணீர்த் தாங்கியைவிட உயரமான எதிலும் ஏறாதவன் நான். நீதிபதி மளமளவென்று எழுதினார். அந்த அறையில் ஒருவரும் வரைபடத்தை எடுத்துப் பார்க்கவில்லை.

அண்ணனின் விசயத்துக்கு வந்தபோது இரண்டே வரிதான் சொன்னேன். "பாண் வாங்கப் போனவர். வரேல்லை." அதற்குமேல் எனக்கும் தெரியாதே.

தீர்ப்பைக் கேஸ் எழுதிய அண்ணைதான் வாசித்துச் சொன்னார். என்னை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். மலைவழியை நான் விவரித்தது துல்லியமாம், நேரில் அனுபவித்தவனின் பேச்சாம். அண்ணன் காணாமல் போனதைப் பற்றிச் சொன்னது மட்டும் தெளிவில்லையாம், நம்ப முடியாதாம்.

"பாத்தியே, மலைதான் உன்னைக் காப்பாத்தினது" என்று முதுகில் தட்டினார். எனக்குச் சந்தோசம்தான், பொய் சொல்லக் கூடாது. வெட்கமாகவும் இருந்தது.

அன்றைக்கே அம்மா தொலைபேசியில் கேட்டார். "கொண்ணன்ரை விசயம் எழுதியிருக்கினமோ?"

"ஓம் அம்மா. வடிவா எழுதியிருக்கினம்."

"வாசி, கேப்பம்."

தீர்ப்புக் கடிதத்தைக் கையில் எடுத்தேன். "பாண் வாங்கப் போனவர். வரேல்லை."

அம்மா திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.