பன்னிரண்டு மணி வலி

1

பகல் பத்தரை மணிக்கு ஒரு நோயாளி, பன்னிரண்டு மணிக்குத் தனக்கு எவ்வளவு வலிக்கும் என்று எழுதி வைத்திருந்தார். வலி பத்துக்கு இரண்டு. மதியம் இரண்டு மணிக்கும் அதேதான். நான்கு மணிக்கு ஒன்று. நர்சிங் ஸ்டேஷன் ஸ்க்ரீனில் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டிய வார்டு சிஸ்டர் நான். வரப்போகும் வலிக்கு ஜோசியம் சொன்ன ஆளை அதுவரை பார்த்ததில்லை.

அப்போது எங்கள் ஆர்த்தோ வார்டில் கட்டிலுக்கு ஒரு டேப், பெரிய போன் மாதிரி ஒரு ஸ்க்ரீன், மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. நோயாளியும் தன் வைத்தியத்தில் பங்கெடுக்க வேண்டும் என்று மேனேஜ்மென்ட்டில் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, எந்த மாத்திரை எதற்கு, எப்போது வீட்டுக்குப் போகலாம், எல்லாம் அதில் வரும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இங்கிலீஷ், எதில் வேண்டுமானாலும் படிக்கலாம். டாக்டரிடம் கேட்க நினைப்பதையும் எழுதி வைக்கலாம்.

காலை உடைத்துக்கொண்டு வந்தவன் இதையெல்லாம் எங்கே நோண்டப் போகிறான் என்றேன். நோண்டினார்கள். மத்திகிரி டீச்சரம்மா ஒருவர் தன் சுகர் கிராஃபைக் காட்டி, இதை ஏற்றியது இட்லியா சப்பாத்தியா என்று டாக்டரையே மடக்கினார். அத்திப்பள்ளி லாரி டிரைவர் ஒருவர் தன் எக்ஸ்-ரேயைப் பெரிதாக்கிப் பார்த்து, உள்ளே எத்தனை ஸ்க்ரூ என்று எண்ணிச் சொன்னார். யார் எதைத் திறந்து பார்த்தார்கள் என்று போய் விசாரிப்பதே எனக்கு ஒரு வேலையாகிவிட்டது.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு அதில் தனியாக ஒரு பக்கம் உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கட்டம். வலி எத்தனை, விரல் மரத்திருக்கிறதா, கட்டு இறுக்கமாக இருக்கிறதா. அவர்கள் தட்டியதைப் பொறுத்து எங்கள் ஸ்க்ரீனில் அந்தக் கட்டில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். நாள் முழுவதற்குமான கட்டங்களும் காலையிலேயே திறந்து கிடந்தன. அது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

2

ஜோசியக்காரர் பெயர் முனிராஜ். கெலவரப்பள்ளிப் பக்கம் ஊர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டர். ஜூஜுவாடி அருகே பைக் சறுக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து, முந்தின நாள் மதியம்தான் ராடு வைத்திருந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வலி இரண்டுதான் இருக்கும் என்று உங்களுக்கு யாருங்க சொன்னது என்று கிண்டலாகக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

"காலைல ஆறு மணிக்கே நாள் பூரா போட்டுட்டேன் சிஸ்டர். கம்பெனில செக் ஷீட்டு அப்படித்தாங்க. ஆயில் லெவல், கூலன்ட்டு, எல்லாம் ரெண்டு மணிக்கொருக்கா எழுதணும். ஷிப்டு ஏறும்போதே மொத்தமா எழுதிடுவோம். கட்டம் காலியா இருந்தா மெமோ குடுப்பாங்க."

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. அப்படியானால் மெஷினில் நிஜமாகவே கோளாறு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிவப்பு லைட் போட வேண்டும், லைன் நின்றுவிடும், யார் நிறுத்தியது என்று ஒர்க் ஷாப்பே திரும்பிப் பார்க்கும், அதனால் லேசில் யாரும் சிவப்புப் போட மாட்டார்கள் என்றார். சொல்லும்போதே நடுநடுவே மூச்சை இழுத்துப் பிடித்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அவர் நெற்றியோ வேர்த்திருந்தது. என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

இப்போது நிஜமாக எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற மனைவி ரத்னம்மாவைப் பார்த்தார். ரத்னம்மா என்னைப் பார்த்தார்.

"விடிஞ்சதுலேருந்து பல்லைக் கடிச்சிக்கினு கிடக்கறாருங்க. சிஸ்டரைக் கூப்பிடறேன்னா, பச்சை வந்துட்டுது, சிவப்புப் போட்டா டிஸ்சார்ஜ் தள்ளிப் போயிடும், சும்மா இருன்றாரு."

போர்வையை விலக்கினேன். கெண்டைக்கால் கட்டையாக இறுகியிருந்தது. கட்டைவிரலை லேசாக மேலே வளைத்தேன். முனிராஜ் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு காம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர். காலுக்குள் வீக்கம் கூடி, அழுத்தம் ஏறி, தசைக்கு ரத்தம் போகாது. உடனே கிழித்து அழுத்தத்தை இறக்க வேண்டும். சில மணி நேரம் விட்டால் தசை செத்துவிடும், காலையே எடுக்க வேண்டிவரும்.

பத்து நிமிடத்தில் டாக்டர் வந்தார். கட்டைப் பிரித்துக்கொண்டே, எட்டு மணிக்குக் கால் எப்படி இருந்தது சிஸ்டர் என்று கேட்டார். எட்டு மணி ரவுண்டில் வாசலில் நின்றபடியே "எல்லாம் சரியா?" என்று கேட்டிருந்தேன். "சரிங்க சிஸ்டர்" என்றார். ஸ்க்ரீனும் பச்சையாக இருந்தது. பாதம் சூடு, விரல் அசைவு, இரண்டும் சரி என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருந்தேன். போர்வையைத் தொடவே இல்லை.

"நான் பாக்கலை டாக்டர். பாத்ததா எழுதிட்டேன்."

அவர் கட்டை முழுவதும் பிரித்தார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் செய்தார்.

3

பன்னிரண்டு மணிக்கு முனிராஜ் தியேட்டர் டேபிளில் மயக்கத்தில் கிடந்தார். காலின் இரண்டு பக்கமும் கிழித்துத் திறந்திருந்தார்கள். எங்கள் ஸ்க்ரீனில் அவர் கட்டில் பச்சையாக இருந்தது. வலி இரண்டு. ரத்னம்மா வெளியே பெஞ்சில் தெலுங்கில் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொன்னேன்.

டாக்டர் வெளியே வந்தார். தசைக்கு உயிர் இருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் கால் போயிருக்கும் என்றார். நான் ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் இன்சிடென்ட் ஃபார்ம் எழுத வேண்டியிருந்தது. நோயாளி கட்டங்களை முன்கூட்டியே நிரப்பிவிட்டார் என்று மட்டும் எழுதினால் போதுமே சிஸ்டர், உங்களை ஏன் இழுத்துவிட்டுக்கொள்கிறீர்கள் என்றார் மேனேஜர். நல்ல மனுஷன், எனக்காகத்தான் சொன்னார். முதல் வரியில் எட்டு மணிக்கு நான் பார்க்காமல் எழுதியதைப் போட்டேன், முனிராஜ் எழுதியதை இரண்டாவதாக. மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே கட்டங்கள் அந்தந்த நேரத்துக்கு மட்டும் திறக்கும்படி மாற்றினார்கள். நான் இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். டேப்பைக் கையில் கொடுக்கும்போதே, சிவப்பு தட்டுவது யாருடைய தப்பும் இல்லை, டிஸ்சார்ஜும் அதனால் தள்ளிப் போகாது, அது எங்களைக் கூப்பிடும் மணி என்று அவரவர் பாஷையில் சொல்லிவிட வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சிவப்பைப் பார்த்து ஓடி வந்து ஒருதரம் நீங்கள் முகத்தைச் சுளித்தால் போதும், வீட்டுக்குப் போகும்வரை அந்த ஆள் பச்சையே போடுவார். பச்சையாக இருந்தாலும் போர்வையை விலக்கிக் காலைத் தொட்டுப் பாருங்கள்.

மூன்றாம் நாள் முனிராஜ், தான் கட்டங்களை முன்கூட்டியே எழுதியது கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா என்று பயந்துபோய்க் கேட்டார். அதெல்லாம் போகாது என்றேன். அன்றைக்குக் காலையில் நானும் பார்க்காமல்தான் எழுதினேன் என்பதையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"உங்களுக்கும் கட்டம் காலியா இருக்கக் கூடாதா சிஸ்டர்?"

ஆமாங்க என்றேன்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அவர் கட்டில் சிவப்பாக மாறியது. செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். காலைத் தொட்டேன், விரலை வளைத்துப் பார்த்தேன். கால் மெத்தென்று இருந்தது, விரல்கள் சூடாக இருந்தன, புண் வலிதான். பயந்துட்டீங்களா சிஸ்டர் என்று கேட்டுவிட்டு, அவர் டேப்பைத் திருப்பிக் காட்டினார்.

"வலி ஆறு. இருக்கறதைத்தான் போட்டேன்."

ஊசி எடுத்து வரத் திரும்பினேன். ஒருவருக்கு வலிக்கிறது என்று கேட்டு என் சர்வீஸில் நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.